போர்டுக்கு மானியம் கிடையாது, அண்ணாச்சி

வயரிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு:

1. 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி நம்ம தூத்துக்குடி சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலையைத் திறந்தார்கள். அதிலிருந்து போகிற வீட்டிலெல்லாம் ஒரே கேள்வி: "கார் சார்ஜ் போட மெயின் போர்டை மாத்தணுமாமே, கவர்மெண்டுல எவ்வளவு கொடுப்பாங்க?" முதலிலேயே சொல்லிவிடு. "போர்டுக்கும் கேபிளுக்கும் தமிழ்நாட்டில் மானியம் கிடையாது, அண்ணாச்சி." வேலை கை நழுவிவிடுமோ என்று பயந்து மழுப்பாதே.

2. இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரிந்து வைத்துக்கொள். அமெரிக்காவில் போர்டு மாற்றும் செலவில் 30 சதவீதம், அதிகபட்சம் 600 டாலர், வருமான வரியில் கழித்தார்கள். 2025 முடிவோடு அதுவும் நின்றுபோனது. டெல்லி அரசு 2020 கொள்கையில் முதல் 30,000 சார்ஜிங் பாயிண்டுகளுக்குத் தலா 6,000 ரூபாய் வரை தருவதாக அறிவித்தது. மகன் ஹூஸ்டனில் இருக்கிறான், மருமகன் டெல்லியில் இருக்கிறான் என்றால், செய்தி வாட்ஸ்அப்பில் தூத்துக்குடிக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?

3. நமக்குக் கிடைக்கும் காசு மொட்டை மாடியில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட் சோலாருக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். அதற்கு மேல் எத்தனை பேனல் ஏற்றினாலும் 78,000தான். இந்தியாவில் செய்த பேனலாக இருக்க வேண்டும். பட்டியலில் உள்ள நிறுவனம் மாட்ட வேண்டும். நெட் மீட்டர் வைத்து ஈ.பி. பார்த்து முடித்த பிறகே பணம் வரும்.

4. காருக்கும் சோலாருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டு. தினம் 40 கிலோமீட்டர் ஓடும் காருக்கு ஏறக்குறைய 7 யூனிட். இரண்டு மாதத்துக்கு 420. வீட்டுச் செலவு 250 என்றால் மொத்தம் 670. 500-ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை கூடும் என்று நினைக்கிறார்கள். 101 முதல் 200 வரை இருந்த மலிவு விலையும் சேர்ந்து போய்விடும். 3 கிலோவாட் சோலார் நல்ல வெயிலில் தினம் 12 யூனிட் தரும். வெயிலுக்கா நம்ம ஊரில் பஞ்சம்!

5. எல்லோருக்கும் போர்டு மாற்ற வேண்டியதில்லை. ஸ்கூட்டருக்குப் பெரும்பாலும் இருக்கிற பிளக்கே போதும். காரோடு வரும் 3.3 கிலோவாட் சார்ஜர் 15 ஆம்பியர் வரை இழுக்கும். இஸ்திரிப் பெட்டி கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு ஓயும். இது ராத்திரி முழுக்க இழுக்கும். அதனால் மெயினிலிருந்து தனி லைன், 4 ஸ்கொயர் காப்பர், தனி எம்.சி.பி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. 7 கிலோவாட் சுவர் சார்ஜர் என்றால் 32 ஆம்பியர்; அங்கேதான் கூடுதல் லோடுக்கு ஈ.பி.யில் எழுதிக் கொடுக்க வேண்டும், சிங்கிள் ஃபேஸ் வீடு த்ரீ ஃபேஸுக்கு மாற வேண்டும். எழுதிக் கொடுக்காமல் ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், மீட்டர் உச்ச லோடைப் பதிந்து வைக்கும் என்று சொல்.

6. எர்த். திரேஸ்புரம், இனிகோ நகர் மாதிரிக் கடலோரத்தில் எர்த் ரீடிங் அழகாக வரும், ஏனென்றால் உப்பு மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதே உப்புதான் ஜி.ஐ. பைப்பை அரித்துத் தின்கிறது. வேலை முடித்த அன்று எடுத்த ரீடிங்கை நம்பி உட்காராதே. வருஷத்துக்கு ஒருமுறை போய் அள. லக் எல்லாம் ஈயம் பூசியதாகப் போடு, வெறும் செம்பு பச்சை பிடித்துச் சூடாகும். வெளியில் வைக்கும் பெட்டி தகரத்தில் வேண்டாம், ஐ.பி. 65 பிளாஸ்டிக்கில் இருக்கட்டும். ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர், டைப் ஏ. காரிலிருந்து டி.சி. கசிந்தால், கடையில் மலிவாகக் கிடைக்கும் டைப் ஏ.சி. ட்ரிப் ஆகாமல் மரத்துப் போகலாம். டைப் ஏ-கூட 6 மில்லி ஆம்பியர் டி.சி. வரைக்கும்தான் தாங்கும், அதற்கு மேலான கசிவைச் சார்ஜரே கண்டுபிடித்து நிறுத்துகிறதா என்று அதன் தாளில் படித்துப் பார். இல்லையென்றால் டைப் பி. விலை அதிகம்தான். இதில் பேரம் கிடையாது.

7. 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் வெள்ளம் எதுவரை ஏறியது என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். கேட்டுவிட்டு, சார்ஜரை அதற்கு மேலே மாட்டு.

8. எஸ்டிமேட் எழுதும்போது சோலார் மானியத்தைக் கழித்து எழுதாதே. முழுத் தொகையை எழுது. மானியம் வீட்டுக்காரர் வங்கிக் கணக்குக்கு நேராக வரும்.