மாற்றுச் சுவிட்சு ஏமாறலாமா?

மருத்துவமனையில் மின்சாரம் நின்றால், தானியங்கி மாற்றுச் சுவிட்சு ஜெனரேட்டரை இயக்கி மின்சுமையை அதற்கு மாற்றிவிடும். அமெரிக்க விதிகளின்படி உயிர்காக்கும் சுற்றுகளுக்கு 10 விநாடிக்குள் மின்சாரம் வந்தாகவேண்டும். ஆனால், நின்ற காரணம் கட்டடத்துக்குள்ளேயே இருந்தால்?

வார்டு ஒன்றில் இரு கம்பிகள் ஒட்டிக்கொண்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். வார்டின் பிரேக்கருக்கு முன்பே, சுவிட்சுக்கு மின்சாரம் தரும் தலைமைப் பிரேக்கர் விழுந்துவிடுகிறது. மின்னழுத்தம் இல்லை என்பதை மட்டுமே சுவிட்சு அறியும் (பாவம், அதற்குக் கண்ணா இருக்கிறது!). ஜெனரேட்டரைக் கொண்டுபோய் அதே பழுதில் இணைக்கும். அதன் பிரேக்கரும் விழும்; அறுவை அறையும் இருண்டுபோகும்.

ஆகவேதான் தலைமைப் பிரேக்கரை 0.3 விநாடி போலத் தாமதிக்கச் செய்கிறார்கள். பழுதுக்கு அருகிலுள்ள பிரேக்கர் முந்திக்கொள்ளும். அதுவரை பாயும் ஆயிரக்கணக்கான ஆம்பியரை, சுவிட்சின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளாமல் தாங்கவேண்டும். தலைமைப் பிரேக்கரே பழுதினால் விழுந்தால், மாற்றத்தைத் தடுக்கும் பூட்டும் அமைப்பதுண்டு.