ஜெனரேட்டர் வாங்கும் முன்

மன்னார்குடி

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. மழைக்கு முன்னால் நீ ஒரு பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கிப் போடப் போகிறாயாம். அக்கா நேற்றுப் போனில் சொன்னாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, எனக்கோ ராத்திரி தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் நீ "சரி மாமா, சரி மாமா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர் வீட்டில் கைக்குழந்தையையும் அம்மாவையும் வைத்துக்கொண்டு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். நீ பயப்படுவதில் தப்பே இல்லை. வாங்குவதும் வாங்காததும் உன் இஷ்டம், சம்பாதிக்கிறவன் நீ. ஆனால் கஜா புயலுக்கு அப்புறம் இங்கே நடந்த ஒன்றை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் புயல் கரை கடந்தது. டெல்டாவில் லட்சம் கம்பங்களுக்கு மேல் சாய்ந்தன. கேரளாவிலிருந்துகூட ஆட்கள் வந்து எங்களோடு வேலை பார்த்தார்கள். வெளி மாவட்டத்திலிருந்து வந்த ஒரு பையன், உன் வயசுதான், கம்பத்தில் ஏறி எர்த் ராடை மாட்டக் கை நீட்டினான். நாள்கணக்காகக் கரண்ட் இல்லாத லைன் அது. தூக்கி அடித்தது. பெல்ட் போட்டிருந்ததால் தொங்கினான். உயிர் மிஞ்சியது, வலது கையில் இரண்டு விரல் போயிற்று. கரண்ட் எங்கிருந்து வந்தது என்று தெருத்தெருவாகத் தேடினோம். ஒரு வீட்டுக் கொல்லையில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர். ஒரு முனை ஜெனரேட்டரில், இன்னொரு முனை வாஷிங் மெஷின் பாயின்ட்டில். மெயினை இறக்கவே இல்லை. உள்ளே டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெரு டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை இறக்கி வீட்டுக்கு 230 ஆகக் கொடுக்கிறது. வீட்டிலிருந்து 230 எதிர்ப்பக்கமாக ஏறினால், அதே டிரான்ஸ்ஃபார்மர் அதை 11,000 ஆக ஏற்றி லைனில் விட்டுவிடும். "சின்ன ஜெனரேட்டர்தானே சார், தெரு லோடு தாங்காமல் தானாக ஆஃப் ஆகிவிடும்" என்பான் கடைக்காரன். கம்பி அறுந்து, உன் வீடும் நாலு வீடும் மட்டும் ஒரு துண்டு லைனில் மிச்சமிருக்கிற நாளில் அது ஆஃப் ஆகாது. புயலுக்கு மறுநாள் எல்லா லைனும் அப்படித்தான் கிடக்கும். கரண்ட் வர ஒரு மணி நேரம் தாமதமானால் லைன்மேனைத் திட்டுகிற ஜனம், அவன் உயிர் தங்கள் வீட்டு பிளக் பாயின்ட்டில் இருப்பதை நினைப்பதே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலையில் இருந்தவன், எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

அப்படியும் வாங்கத்தான் போகிறாய் என்றால், லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து, லைனையும் ஜெனரேட்டரையும் ஒன்றாகச் சேர விடாத சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்ட பிறகு வாங்கு. கீழ் வீட்டில் ஜெனரேட்டரை எங்கே வைப்பாய் என்றும் யோசி. மழைக்கு நனையாமல் போர்ட்டிகோவில் வைப்பாய், புகை ஜன்னல் வழியாக உள்ளே வரும். அதில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலியும் குமட்டலும் வந்தால்தான் உண்டு, தூங்குகிறவர்களுக்கு அதுவும் தெரியாது. குழந்தை தூங்குவது அந்த ஜன்னல் ஓரத்தில்தானே?

அம்மாவின் இன்சுலினுக்காக என்றாயாம். பிரித்த இன்சுலின் 30 டிகிரிக்குள் பொதுவாக நாலு வாரம் வெளியே தாங்கும். அக்காவின் மருந்துக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டு வைத்துக்கொள். பிரிக்காததை ஃப்ரிட்ஜிலேயே விட்டுக் கதவைத் திறக்காமல் இருந்தால் நாலு மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். அதற்கு மேல் போனால், பெரிய மண் சட்டியில் ஈர மணலைப் போட்டு, நடுவே சின்னச் சட்டியை வைத்து, அதற்குள் மருந்தை ஈரம் படாமல் வைத்து மூடு. ஐஸில் மட்டும் நேராக வைக்காதே, உறைந்த மருந்து உதவாது.

நானாக இருந்தால் இன்வெர்ட்டர்தான் போடுவேன். 150 ஏ.எச். பேட்டரி ஒன்று இருந்தால் இரண்டு ஃபேனும் சில எல்.இ.டி. விளக்குகளும் ஒரு ராத்திரிக்கு ஓடும். மெழுகுவர்த்தியும் வேண்டியிருக்காது, கொசுவலை கட்டிய வீட்டில் அது கூடவே கூடாது. பேட்டரியைப் படுக்கையறையிலோ சாமி விளக்குப் பக்கத்திலோ வைக்காதே, சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். உங்கள் தெருவில் தண்ணீர் ஏறும், அதனால் உயரமான ஸ்டாண்டில் வை. ஒன்றை மட்டும் மறக்காதே: தண்ணீர் வாசலுக்கு வரும்போது மெயினை இறக்கினால் போதாது, இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டு வயரில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். தண்ணீர் உள்ளே வந்தாயிற்று என்றால் அதில் காலை வைத்து சுவிட்சைத் தேடிப் போகாதே, வெளியே வந்துவிடு. தண்ணீர் நிற்கிற தெருவில் சப்ளையை நிறுத்துவது உங்கள் உயிருக்காகத்தான். ஸ்டே கம்பி, பில்லர் பாக்ஸ் பக்கம் யாரையும் விடாதே. அறுந்த கம்பியைப் பார்த்தால் 94987 94987 மின்னகத்துக்குச் சொல்லு.

ஈ.எல்.சி.பி. விஷயத்தை மறுபடியும் எடுக்கிறேனே என்று கோபப்படாதே. வீடு கட்டும்போது உன் அப்பாவிடம் எத்தனை தடவை சொன்னேன்! தரைக்குக் கிரானைட் போடக் காசு இருந்தது, இதற்கு இல்லை. ஃபேஸ் போனால் ஈரக் கையோடு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி அடுத்த ஃபேஸில் சொருகுவார், அதைப் பார்த்துத்தான் நீயும் வளர்ந்தாய். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே சப்ளையை வெட்டிவிடுகிற சாமான் அது. காசு நான் அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

ரொம்பப் பேசிவிட்டேன். உன் மேல் எனக்குக் குறையே கிடையாது, ராஜா. அம்மாவை நீ பார்த்துக்கொள்வது போல் இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள்? அத்தை உனக்குப் பிடித்த அதிரசம் சுட்டு பார்சல் போடுகிறாள். குட்டிக்குத் தாத்தாவின் முத்தம். ஞாயிற்றுக்கிழமை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஈ.எல்.சி.பி.யை மாட்டி, டெஸ்ட் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போடு.

அன்புடன்
உன் மாமா