மெய்யும் மெய்நிகரும்

நுழையும் முன்

இல்லாத இடத்தைக் கண்முன் நிறுத்தவும் மறைந்தவரின் குரலை மீண்டும் ஒலிக்கச் செய்யவும் இன்றைய தொழில்நுட்பத்தால் இயலும். மண்ணில் உள்ளதற்கும் திரையில் உள்ளதற்கும் இடையிலான கோடு மங்கிவருகிறது. இந்நிலையில் எதை நம்புவது, எதைச் சரிபார்ப்பது, எவரிடம் இசைவு பெறுவது ஆகிய வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

மெய் என்னும் சொல்

தமிழில் ‘மெய்’ என்னும் சொல்லுக்கு உடல் என்றும் உண்மை என்றும் பொருள் உண்டு. உள்ளத்து உணர்ச்சி உடலின்வழி வெளிப்படுவதை மெய்ப்பாடு எனக் கூறும் தொல்காப்பியம், அதற்கெனப் பொருளதிகாரத்தில் தனி இயலையே கொண்டுள்ளது. நகை, அழுகை, அச்சம் முதலிய எட்டு மெய்ப்பாடுகளை அவ்வியல் விளக்குகிறது.

இன்று உடல் உணர்வதும் உண்மையில் இருப்பதும் வேறுபட்டு நிற்கும் சூழல் உருவாகியுள்ளது. மெய்நிகர் கருவியைத் தலையில் அணிந்த ஒருவர் சமதளமான அறையில்தான் நிற்கிறார். ஆயினும், கண்முன் மலைவிளிம்பு தோன்றியதும் அவர் கால் நடுங்குகிறது, உள்ளங்கை வியர்க்கிறது. பள்ளம் பொய்; அச்சமோ மெய். இத்தொழில்நுட்பத்தின் ஆற்றலும் இடரும் இந்த முரணிலேயே அடங்கியுள்ளன.

வளர்ந்த வழி

தலையில் அணியும் காட்சிக் கருவி ஒன்றை 1968ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலாளர் ஐவன் சதர்லேண்ட் தம் மாணவர்களுடன் உருவாக்கினார். கூரையிலிருந்து தாங்கப்பட்ட அக்கருவியின்வழி நோக்கியவருக்கு, கணினி வரைந்த கோட்டுருவம் அறையிலேயே மிதப்பதுபோலத் தோன்றியது. 1994இல் பால் மில்கிராமும் ஃபுமியோ கிஷினோவும் மெய்யுலகு ஒரு முனை, முழுமையான மெய்நிகர் உலகு மறுமுனை என்றும், இரண்டும் கலந்த நிலைகள் இடையில் அமைகின்றன என்றும் விளக்கினர். 2016இல் வெளிவந்த ‘போக்கிமான் கோ’ விளையாட்டு, இக்கலப்பைத் தெருவுக்கே கொண்டுவந்தது. கற்பனை உயிர்களைத் தேடி மக்கள் பூங்காக்களிலும் சாலைகளிலும் நடந்தனர்.

தமிழ்நாட்டில் 2018இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. அச்சிட்ட தாளைக் கைப்பேசி நோக்க, அத்தாளிலிருந்து காணொலி விரிந்தது. நூல் பொருளாகவும் எண்ணிம உலகின் வாயிலாகவும் ஆயிற்று.

தெரிந்து தெளிவோம்

மெய்நிகர் உண்மை: புறவுலகை மறைத்து, கணினி படைத்த உலகினுள் பயனரை இருத்துவது.
மிகை மெய்ம்மை: புறவுலகின் காட்சிமீது கணினி உருவங்களைப் பொருத்திக் காட்டுவது.
எண்ணிம இரட்டை: உணரிகள் அனுப்பும் தரவுகளால், ஒரு பொருளின் நிலையைத் தொடர்ந்து காட்டும் கணினி மாதிரி.

சுரங்கமும் அதன் இரட்டையும்

இவற்றுள் எண்ணிம இரட்டையின் பயனையும் வரம்பையும் உணர நெய்வேலி ஏற்ற எடுத்துக்காட்டாகும். கடலூர் மாவட்டத்தில் வடக்குத்து போன்ற ஊர்கள் சூழ அமைந்தது நெய்வேலி நகரியம். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு அமைத்தபோது கரிய பொருள் வெளிப்பட்டது. பழுப்பு நிலக்கரிக்கான தேடல் அதிலிருந்து வளர்ந்தது. 1956இல் நிறுவனம் தோன்றியது. 1957இல் சுரங்கப் பணி தொடங்கியது. 1962இல் மின்னுற்பத்தி தொடங்கியது.

இங்குள்ள நிலக்கரிப் படுகையின் அடியில் நிலத்தடி நீர் மிகுந்த அழுத்தத்துடன் உள்ளது. நீரை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிடில், அது சுரங்கத்தின் தரையைப் பிளந்து மேலெழக்கூடும். பெரிய சக்கரத்தில் வாளிகளைக் கொண்ட எந்திரங்கள் மேல்மண்ணை அகழ்கையில், கீழிருக்கும் நீரின் அளவும் கண்காணிக்கப்படவேண்டும்.

இத்தகைய சுரங்கத்திற்கு ஓர் எண்ணிம இரட்டையை அமைப்பதாகக் கொள்வோம். ஆளில்லா வானூர்தி எடுத்த படங்கள் சரிவுகளைக் காட்டும். கிணறுகளில் பொருத்திய உணரிகள் நீர்மட்டத்தைத் தெரிவிக்கும். ஒரு மோட்டார் நின்றால் நீர் எவ்வளவு உயரும் என்பதை, எவரையும் இடருக்கு உள்ளாக்காமல் திரையிலேயே கணித்துப் பார்க்கலாம். புதிய தொழிலாளர் மண்சரிவை மெய்நிகராகக் கண்டு, தப்பும் வழியைப் பழகலாம்.

ஆனால், ஓர் உணரி பழுதாகி நேற்றைய அளவையே அனுப்பிக்கொண்டிருந்தால், திரையில் நீர் அமைதியாகவே இருக்கும். நிலத்தடியில் அது உயர்ந்துகொண்டிருக்கும். நிலத்திற்குச் சென்று நீரை அளந்து மாதிரியுடன் ஒப்பிடும் மனிதரின் பணி ஆதலால் என்றும் தேவைப்படுகிறது. மேலும், தரவாக மாற்றப்பட்டவற்றை மட்டுமே இரட்டை அறியும். சுரங்கத்திற்காக நிலம் தந்து இடம்பெயர்ந்தோரின் குளமும் கோயிலும் அவர்தம் இழப்பும், பதிவு செய்யப்படாதவரை அதில் இடம்பெறா.

மறைந்தோர் மீளும்போது

மண்ணுக்கு இரட்டை அமைக்கலாம், மனிதருக்கும் அமைக்கலாமா? 2022 பிப்ரவரியில் கிருட்டினகிரி மாவட்டச் சிற்றூர் ஒன்றில் இணையர் ஒருவர் திருமணம் செய்துகொண்டனர். தாலி கட்டும் நிகழ்வு ஊரில் நடந்தது. வரவேற்போ ‘மெட்டாவெர்ஸ்’ எனப்படும் மெய்நிகர் உலகில் நடந்தது. விருந்தினர் தத்தம் இடங்களிலிருந்தே உருவங்களாகப் பங்கேற்றனர். மணமகளின் மறைந்த தந்தையின் உருவமும் அங்கு இடம்பெற்றது. மகளின் ஏக்கத்திற்கு அக்காட்சி ஆறுதலாகலாம்.

2024இல் ‘லால் சலாம்’ திரைப்படத்தின் ‘திமிரி எழுடா’ பாடலில் மறைந்த பாடகர்கள் சாகுல் ஹமீது, பம்பா பாக்யா ஆகியோரின் குரல்கள் செயற்கை நுண்ணறிவின் துணையால் மீண்டும் ஒலித்தன. இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான், அவர்தம் குடும்பத்தாரிடம் இசைவு பெற்று உரிய ஊதியமும் வழங்கியதாகத் தெரிவித்தார். தொழில்நுட்பத்தின் திறத்தைவிட இச்செயலே நாம் கருதத்தக்கது. மறைந்தவரால் மறுத்துரைக்க இயலாது. அவர் சொல்லாத சொல்லை அவர் வாயில் வைப்பது எளிதாகிவிட்ட காலத்தில், இசைவு பெறுதலும் இது புனைவு என அறிவித்தலும் இன்றியமையா அறங்களாகின்றன.

உருவின் அடியில் மண்

மெய்நிகர் உலகு எடையற்றதாகத் தோன்றினும் அது மண்ணைச் சார்ந்தே இயங்குகிறது. திரையில் ஓர் உருவம் அசைய, எங்கோ ஒரு தரவு மையம் இயங்கவேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும். நெய்வேலியில் அகழ்ந்த பழுப்பு நிலக்கரி தரும் மின்சாரமும் நம் மின்கட்டமைப்பில் கலந்துள்ளது. தோண்டப்பட்ட நிலமும் இறைக்கப்பட்ட நீரும் தொழிலாளரின் உழைப்பும் அவ்வுருவின் அடியில் உள்ளன.

ஆகவே, மெய்நிகரைக் கற்போம், பயன்கொள்வோம். திரை கூறுவதை நிலத்தோடு ஒப்பிடும் வழக்கத்தையும், உருவத்திற்கு உரியவரை மதிக்கும் பண்பையும் அதனுடன் சேர்த்தே பழகுவோம். நிகரை மெய்யால் அளக்கத் தெரிந்தவரே அதனை ஆளும் தகுதி பெறுகிறார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் ஏரி அல்லது குளத்திற்கு எண்ணிம இரட்டை அமைப்பதாயின் எவ்வெவற்றைப் பதிவு செய்வீர்கள்? ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்து பட்டியலிடுக.
2. ‘மறைந்தவரின் குரலைப் பயன்படுத்தலாம்’, ‘பயன்படுத்தலாகாது’ எனும் இரு அணிகளாகப் பிரிந்து வாதிடுக.

குறுவினா
‘மெய்’ என்னும் சொல்லின் இரு பொருள்கள் யாவை?

சிறுவினா
எண்ணிம இரட்டையை மட்டுமே நம்பிச் செயல்படுவதால் சுரங்கத்தில் நேரக்கூடிய இடரை விளக்குக.

நெடுவினா
மெய்நிகர் தொழில்நுட்பத்தின் பயன்களையும் அதனைக் கையாள்வோர் பின்பற்றவேண்டிய அறங்களையும் பாடப்பகுதிவழி நிறுவுக.