மலைச் சுனையைக் காப்போம்

மலைப்பகுதி உழவர்களுக்குச் சுனை நீர் குடிநீராகவும், கால்நடைகளுக்குத் தண்ணீராகவும், நாற்றங்காலுக்குப் பாசனமாகவும் பயன்படுகிறது. கோடையிலும் குளிர்ந்து ஊறும் இந்நீர் எங்கிருந்து வருகிறது? அது வற்றாமல் காப்பது எப்படி? நீலகிரி மலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு காண்போம்.

சுனை உண்டாகும் விதம்

மேற்சரிவில் பெய்யும் மழையில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்குகிறது. அது பாறை வெடிப்புகளில் தங்கி, மெல்ல நகர்ந்து, நீர் புகாத பாறை குறுக்கிடும் இடத்தில் வெளியே வருகிறது. சில மீட்டர் ஆழத்தில் நிலத்தின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. அதனால்தான் சுனை நீர் கோடையில் குளிர்ச்சியாகவும், பனிக்காலக் காலையில் சற்று வெதுவெதுப்பாகவும் தோன்றுகிறது. ஆகவே சுனை பிறப்பது நாம் குடம் வைக்கும் இடத்தில் அல்ல. அதற்கு மேலேயுள்ள சரிவில்தான்.

மேற்சரிவின் பங்கு

நீலகிரியின் உயர்ந்த பகுதிகளில் இயற்கையாக அமைந்தவை புல்வெளிகளும், பள்ளங்களில் சோலைக்காடுகளுமே. பிற்காலத்தில் புல்வெளிகளில் சீகையும் யூகலிப்டஸும் நடப்பட்டன. இதன் விளைவை அறிய உதகையிலுள்ள மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி நிலையம் கிளன்மார்கனில் இரு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை ஒப்பிட்டது. ஒன்று புல்வெளியாகவே விடப்பட்டது. மற்றொன்றில் 1972 இல் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் யூகலிப்டஸ் நடப்பட்டது. முதல் 10 ஆண்டுகளில் மரம் நட்ட பகுதியிலிருந்து கிடைத்த நீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. கோடைக்கால நீரோட்டமும் குறைந்தது.

சுனையை அளத்தல்

10 லிட்டர் வாளி நிரம்ப 20 விநாடி ஆகிறது என்று கொள்வோம். அப்படியானால் நாளொன்றுக்கு 43,200 லிட்டர் நீர் கிடைக்கும். ஆளுக்கு 55 லிட்டர் வீதம் 500 பேருக்கு 27,500 லிட்டர் போதும். மீதி கால்நடைக்கும் காய்கறிப் பாத்திக்கும் உதவும். அதே வாளி கோடையில் நிரம்ப 60 விநாடி ஆனால் 14,400 லிட்டர்தான் கிடைக்கும், வீட்டுத் தேவைக்கே பற்றாது. எனவே கோடை அளவை வைத்தே பாசனத்தைத் திட்டமிட வேண்டும். மாதம் ஒருமுறை அளந்து நோட்டில் குறித்து வந்தால், சுனை குறைவதை முன்கூட்டியே அறியலாம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. மேற்சரிவில் புல்லையும் சோலை மரங்களையும் காக்கவும். புதிதாக யூகலிப்டஸ், சீகை நட வேண்டாம்.

2. காய்கறிப் பயிரைச் சரிவின் குறுக்கே, சமமட்ட வரப்புகளில் பயிரிடவும்.

3. மிதமான சரிவில் மட்டும் நீர் உறிஞ்சு குழிகள் அமைக்கலாம். செங்குத்தான இடத்திலும் மண்சரிவு ஏற்படும் இடத்திலும் தோண்டக் கூடாது.

4. அதிக நீர் வேண்டி ஊற்றுக்கண்ணைத் தோண்டவோ வெடி வைக்கவோ கூடாது. நீர் வேறு வழியில் போய்விடக்கூடும்.

5. ஊற்றுக்கண்ணைச் சுற்றி வேலி அமைத்து, கால்நடைக்குக் கீழ்ப்புறம் தனித் தொட்டி கட்டவும். மேற்புறத்தில் கழிப்பறைக் குழி, எருக்குழி அமைப்பதையும், மருந்து தெளிப்பான் கழுவுவதையும் தவிர்க்கவும்.

6. நீர் தெளிவாகத் தோன்றினாலும் கொதிக்க வைத்தே பருகவும்.

மேற்சரிவு ஒருவருடைய நிலமாக இருக்கலாம். கீழே ஊறும் நீரோ ஊர் முழுவதற்கும் உரியது. ஆகவே மேல்நிலத்தாரும் கீழ்நிலத்தாரும் கூடிப் பேசி, இவ்வாண்டு மழைக்கு முன்பே பணியைத் தொடங்குமாறு விவசாயப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம்.