கள்ளியும் சப்பாத்தியும்

பாலாறு, செய்யாறு, வேகவதி என்னும் மூன்று ஆறுகள் ஒன்றுகூடும் இடத்தில் அமைந்தமையால் திருமுக்கூடல் எனப் பெயர் பெற்ற ஊர் ஒன்று காஞ்சிபுரத்தை அடுத்து உள்ளது. அங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், பதினோராம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. பதினைந்து படுக்கைகள் கொண்ட மருத்துவசாலை அவ்வூரில் நடந்ததையும், மருத்துவர், அறுவை செய்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோருடன், மருந்துப் பொருளும் விறகும் கொண்டுவர இருவர் அமர்த்தப்பட்டதையும் அக்கல்வெட்டு கூறுகிறது. மருத்துவர் எத்துணை வல்லவராயினும், பச்சிலை பறிப்பவன் ஒன்றை மற்றொன்றாகக் கருதிவிட்டால் மருந்தே நஞ்சாகிவிடும். ஆதலின் செடியின் அடையாளம் அறிதல் எளிய தொழிலன்று. அவ்வறிவு நமக்கும் வேண்டுவதே என்பதைக் கள்ளியைக் கொண்டு காண்போம்.

கள்ளி என்பது தமிழர்க்குப் பழகிய பெயர். சங்கப் புலவர் பாலை நிலத்தைப் பாடுங்கால் கள்ளியையும் பாடினர். சதுரக்கள்ளி, இலைக்கள்ளி முதலியன நம் நாட்டுக்கே உரியவை. வேலியோரத்தில் வளரும் சப்பாத்திக்கள்ளியோ அவற்றிற்கு உறவன்று. அஃது அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த வேற்றினம். அவ்வினத்தில் ஒரே ஒரு செடி நீங்கலாக மற்றெல்லாவற்றிற்கும் தாயகம் அமெரிக்காவே.

தடித்த தண்டும் முள்ளும் இரண்டிற்கும் உண்டு. பின், எங்ஙனம் பிரித்தறிவது? நம் கள்ளியில் கீறினால் பால் வடியும். அப்பால் கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு விளையும். சப்பாத்தி இனத்திலும் சிலவற்றிற்குப் பால் உண்டாதலின், அதுமட்டும் போதிய சான்றாகாது. முள் தோன்றும் இடத்தை உற்று நோக்குதல் வேண்டும். சப்பாத்தி இனத்தில் முட்கள் பஞ்சு போன்ற சிறு மெத்தையிலிருந்து கிளம்பும். கள்ளியில் அம்மெத்தை இராது. செடியைக் கீறாமலே அறியத்தக்க உறுதியான அடையாளம் இதுவேயாகும்.

இனம் அறிந்தால் மட்டும் போதாது. வகையையும் அறிதல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சென்னையில் மருத்துவத் தலைவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பார், சைதாப்பேட்டையில் சப்பாத்தித் தோட்டம் ஒன்றை அமைத்தார். சப்பாத்தியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து பட்டுக்கு ஏற்ற சிவப்புச் சாயம் எடுக்கப்படும். மெக்சிகோவை ஆண்ட ஸ்பானியர் அதனால் பெரும்பொருள் ஈட்டினர். அச்செல்வத்தை இந்நாட்டில் உண்டாக்க வேண்டும் என்பதே ஆண்டர்சனின் எண்ணம். 1795-ஆம் ஆண்டில் பிரேசிலிலிருந்து இந்தியாவிற்குப் பூச்சிகள் வந்து சேர்ந்தன. ஆனால் வந்தது உயர்ந்த சாயம் தரும் பூச்சியன்று. அதனைப் போன்ற காட்டுப் பூச்சியே. நிறம் தாழ்ந்தது, முயற்சி பொய்த்தது.

அப்பூச்சி ஒருவகைச் சப்பாத்தியையே உண்டது. மற்றொரு வகையைத் தொடவில்லை. தொடப்படாத வகை தென்னாட்டில் காடாக மண்டி விளைநிலங்களைக் கெடுத்தது. பின்னர், அதனை உண்ணும் பூச்சி எது என்பதை அறிஞர் ஆராய்ந்து தெளிந்தனர். 1926-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து அப்பூச்சி கொணர்ந்து விடப்பட்டது. சில ஆண்டுகளிலேயே முட்காடு அழிந்து நிலம் உழவர் கைக்கு மீண்டது. அடையாளம் தவறியபோது உழைப்பு வீணாயிற்று. அடையாளம் தேறியபோது நாடு நலம் பெற்றது.

சப்பாத்தி விரைந்து பரவியதைக் கண்டு, அவ்வினம் முழுவதும் அத்தகையதே என்று எண்ணலாகாது. அரிசோனாப் பாலையில் வளரும் சகுவாரோ, முதற் பத்தாண்டுகளில் ஓரிரு அங்குலமே உயரும். கிளை விட எழுபது ஆண்டுகள் வரை செல்லும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இத்தகைய செடியைப் பாலையிலிருந்து பெயர்த்து விற்போர், ஒரு தலைமுறையின் வளர்ச்சியை ஒரு பொழுதில் களவாடுகின்றனர். சப்பாத்தி இனத்துள் மூன்றில் ஒரு பங்கு அழியும் நிலையில் உள்ளது என்று 2015-ஆம் ஆண்டில் ஆராய்ந்தோர் அறிவித்தனர். ஆதலின் அரிய செடியை வளர்க்க விரும்புவோர், விதையிலிருந்து வளர்த்ததையே பெறுதல் வேண்டும்.

வளர்க்கும் முறை எளிது, பொறுமையே அரிது. அடியில் துளையுள்ள சட்டியில் மணலை மிகுதியாகவும் மக்கிய எருவைச் சிறிதாகவும் கலந்து நிரப்புக. நுண்ணிய விதையை ஆழப் புதையாது மேலே தூவுக. முளைக்கும் வரை ஈரம் காத்து, இளஞ்செடியைக் கடுவெயிலினின்று காத்திடுக. வேரூன்றிய பின், மண் நன்றாக உலர்ந்தபின்னரே நீர் வார்த்தல் வேண்டும். நம் நாட்டில் இச்செடிக்குப் பகை கோடையன்று, ஐப்பசி கார்த்திகை அடைமழையே. அப்போது கூரையின்கீழ் வைக்காவிடில் வேர் அழுகிவிடும். அன்பு மிகுதியால் நாள்தோறும் நீரூற்றுவோரும் அதனை அழிப்பவரே.

ஓராண்டு கழிந்தும் செடி பட்டாணி அளவே இருத்தல் கூடும். அதுகண்டு சோர்தல் வேண்டா. இன்று நீவிர் இடும் விதை பூப்பதை உம் பேரப்பிள்ளைகள் காணக்கூடும். உற்று நோக்கும் கண்ணும் காத்திருக்கும் உள்ளமும் உடையோர்க்கே அத்தகைய செடி வசப்படும்.