ஞாயிற்றுத் தொகுதி: வினாவிடைப் போட்டி மூலம் கற்போம்



ஞாயிற்றுத் தொகுதிப் பாடத்தை மனனம் செய்துகொண்டு பரீட்சை மண்டபத்துக்குச் செல்வோர் பலர். வினாவைச் சற்று மாற்றிக் கேட்டால் தடுமாறுவர். ஆகவே, எமது மட்டக்களப்பு வகுப்பில் இப்பாடத்தை வினாவிடைப் போட்டியாக நடத்துகின்றோம். நீங்களும் நண்பர்களுடன் நடத்திப் பாருங்கள்.

போட்டி விதிகள்

1. வகுப்பை ‘வாவி அணி’, ‘கடல் அணி’ என இரண்டாகப் பிரித்துக்கொள்க.
2. சரியான விடைக்கு 1 புள்ளி. காரணமும் கூறினால் மேலும் 2 புள்ளிகள்.
3. காரணம் பிழையெனில் வினா மற்றைய அணிக்குச் செல்லும்.

வினா 1: கோள்கள் எத்தனை?

வாவி அணி மாணவன் ஒருவன் உடனே “ஒன்பது” என்றான். அண்ணாவின் பழைய கைந்நூலில் அவன் படித்தது அது. சரியான விடை 8. சர்வதேச வானியல் ஒன்றியம் 2006 ஆகஸ்ட் 24இல் கோளுக்குரிய மூன்று நிபந்தனைகளை வகுத்தது.

அ) சூரியனைச் சுற்றிவர வேண்டும்.
ஆ) தன் ஈர்ப்பினால் கோள வடிவம் பெற்றிருக்க வேண்டும்.
இ) தன் பாதையின் சுற்றுப்புறத்திலுள்ள ஏனைய பொருட்களை அகற்றியிருக்க வேண்டும்.

புளூட்டோ மூன்றாவதை நிறைவேற்றவில்லை. எனவே அது குறுங்கோள் எனப்படும். பழைய வினாத்தாள்களைச் செய்யும்போது கவனம் தேவை.

வினா 2: வெப்பம் மிகக் கூடிய கோள் எது?

புதன் என்று எழுதாதீர்கள். விடை வெள்ளி. அதன் தடித்த காபனீரொட்சைட்டு வளிமண்டலம் வெப்பத்தை வெளியேற விடாது பிடித்து வைக்கின்றது. மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 460 பாகை செல்சியஸ். புதனுக்கு அத்தகைய வளிமண்டலம் இல்லை.

வினா 3: கோள்கள் எவ்வளவு தூரத்தில் உள்ளன?

சூரியனுக்கும் பூமிக்கும் இடைப்பட்ட 15 கோடி கிலோமீற்றரை 1 கிலோமீற்றராகச் சுருக்குவோம். மட்டக்களப்பு நகரில் 9 மீற்றர் விட்டமுள்ள உருண்டையே சூரியன். ஒரு கிலோமீற்றர் தள்ளி, தோடம்பழம் அளவில் பூமி. வியாழன் காத்தான்குடிப் பக்கம். நெப்டியூனோ 30 கிலோமீற்றரில், ஏறத்தாழ வாழைச்சேனையில்! இப்படி எண்ணினால் தூரம் மறக்காது.

வினா 4: கடல் வற்றுப்பெருக்குக்குக் காரணம் என்ன?

சந்திரனினதும் சூரியனினதும் ஈர்ப்பு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மூன்றும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் வருவதால் பெருக்கு கூடும். எமது கரையில் அவ்வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு.

அப்போது கடல் அணி மாணவி ஒருத்தி கேட்டாள்: “ரீச்சர், சுனாமி வந்த நாள் பறுவம் என்று அம்மம்மா சொன்னவ. அப்போ சந்திரன்தானே கடலை இழுத்தது?”

வகுப்பு அமைதியாகிவிட்டது. நாவலடியிலும் கல்லடியிலும் உறவுகளை இழந்த குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள்.

அம்மம்மா சொன்ன நாள் சரி. 2004 டிசெம்பர் 26 பௌர்ணமி தினமே. ஆனால் காரணம் சந்திரன் அன்று. சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட 9.1 அளவுடைய புவிநடுக்கம் கடற்றளத்தை உயர்த்தியது. அதனால் எழுந்த அலைகள் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் எம்மை வந்தடைந்தன.

இது புள்ளிக்காக மட்டும் அறியவேண்டியதன்று. பறுவத்தில்தான் சுனாமி வரும் என நம்புபவர், மற்றைய நாட்களில் கடல் திடீரென உள்வாங்கினாலும் நின்று வேடிக்கை பார்ப்பார். சுனாமிக்கு நாள் கிழமை இல்லை. கடல் வழமைக்கு மாறாக உள்வாங்கினால் உடனே கரையை விட்டு உள்நோக்கி ஓடுங்கள். வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. புளூட்டோ கோளாகக் கருதப்படாமைக்குக் காரணம் தருக.
2. புதனிலும் வெள்ளியில் வெப்பம் கூடுதலாக இருப்பது ஏன்?
3. வற்றுப்பெருக்கு, சுனாமி ஆகியவற்றின் காரணங்களை வேறுபடுத்துக.

விடையை எழுதியபின் “ஏன்?” என்று ஒருமுறை உங்களையே கேளுங்கள். பரீட்சையில் வெற்றிபெற வாழ்த்துகள்!