பிழைக்க வந்தவர்களுக்கு என்ன உரிமை?

கேள்வி: எங்கள் தெருவில் பீகார், ஒடிசாக்காரர்கள் நிறையக் குடியிருக்கிறார்கள். பிழைக்க வந்தவர்களுக்கு இங்கே என்ன உரிமை உண்டு?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: உங்களுக்கும் எனக்கும் உள்ள உரிமைதான், சகோதரி. நாட்டில் எங்கும் போகவும், குடியிருக்கவும், தொழில் செய்யவும் அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு உறுதி தருகிறது. குறைந்தபட்சக் கூலி வேலைக்கு உரியது. பேசும் மொழியைப் பார்த்துக் குறைக்கக் கூடாது. 6 முதல் 14 வயதுப் பிள்ளையை, மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்று அரசுப் பள்ளி திருப்பி அனுப்ப முடியாது. 2020 முதல், அவர்களின் சொந்த மாநில ரேஷன் அட்டைக்கு இங்கும் தானியம் வாங்கலாம்.

அண்மையில் ஒரு ரேஷன் கடையில் பார்த்தேன். சட்டையெல்லாம் பஞ்சு ஒட்டிய ஒடிசாப் பையனுக்குக் கைரேகை விழவில்லை. பின்னால் நின்ற அம்மா முந்தானையால் அவன் விரலைத் துடைத்து, "இப்ப வெச்சுப் பாரு கண்ணு" என்றார். இயந்திரம் ஏற்றுக்கொண்டது. சட்டம் எழுத்தில் இருந்தாலும், அது கைக்கு வந்து சேர இப்படி ஒரு மனம் வேண்டியிருக்கிறது.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன நம்மவர்கள், 1948 குடியுரிமைச் சட்டத்தால் லட்சக்கணக்கில் நாடற்றவர்களானார்கள். அந்த வலி தெரிந்த நாம், பக்கத்து வீட்டுக்காரரை 'வடக்கன்' என்று அழைக்காமல் பெயரைக் கேட்டு அழைப்போம்.